பித்தளை என்று சொன்ன மணி

பழைய இரும்பு எடுக்கிற வாகீசனுக்குத் தராசில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. தராசும் பொய் சொல்லும், அதைப் பிடிக்கிறவன் அதைவிடக் கூடப் பொய் சொல்லுவான் என்பது அவன் கட்சி. சாமானைச் சுற்றி ஒரு நடை நடப்பான், காலால் ஒரு தரம் புரட்டுவான், விரலை மடக்கித் தட்டுவான், நிறை வாயில் வந்துவிடும். பிறகு தராசில் ஏற்றிப் பார்த்தால் ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பழைய சாமான் குவித்து வைக்க அவனுக்கு ஒரு யாட் இருக்கிறது. உரும்பிராய், புத்தூர்ப் பக்கம் அவனுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் சத்தம் கேட்டால் சில பெண்கள் உடைந்த வாளியைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு விலை சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விடுவான் என்று பகிடி.

அன்று காலை அவனைக் கூப்பிட்டிருந்தது புத்தூரில் ஒரு ஞானவைரவர் கோயில். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் காசு சேர்த்து அனுப்ப, கோயிலைப் பிரித்துக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. வைரவரைப் பாலஸ்தானம் செய்து ஒரு சின்னக் கொட்டிலுக்குள் இருத்தியாயிற்று. பழைய மடத்துத் தகரம், துருப்பிடித்த கேற், சீமெந்து ஒட்டிய கம்பி எல்லாம் வீதியோரம் குவிந்து கிடந்தன. குவியலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சாக்கின் மேல், மணி தனியாக இருந்தது.

கோயில் செயலாளர் சண்முகநாதன் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் சாமான் என்றால் அதன் நிறையும் இரண்டு மடங்காகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"கேற் மட்டும் நூறு கிலோ வரும், என்ன?"

"அறுபதும் வராது ஐயா. மேலுக்குத்தான் கேற். கீழ் முழுக்கக் கறள் திண்டிட்டுது."

"அப்ப கம்பி?"

"கம்பியிலை மூண்டிலை ஒரு பங்கு சீமெந்து. சீமெந்துக்கும் நான் காசு குடுத்தால் மனிசி என்னை வீட்டுக்கை விடமாட்டாள்."

சண்முகநாதன் சிரித்துவிட்டு அவனை மணியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உதுதான் பெறுமதியான சாமான். போன திருவிழாவிலை வெடிச்சுப் போச்சு. அடிச்சால் தகரத்திலை தட்டின மாதிரிக் கேக்குது. வெடிச்ச மணி கோயிலிலை இருக்கக்கூடாது. ஐயர் செய்யவேண்டியதெல்லாம் செய்து முடிச்சிட்டார். வடிவாய்ப் பாத்துச் சொல்லும், என்ன தேறும் எண்டு."

வாகீசன் குந்தியிருந்தான். மணியின் வாய்க்குக் குறுக்கே சாண் வைத்துப் பார்த்தான். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. விளிம்பின் தடிப்பு இரண்டு விரல். ஒரு செங்கல் துண்டை எடுத்து உட்பக்க விளிம்பில் கொஞ்ச இடத்தைத் தேய்த்தான். கரிய அழுக்குப் போய், உள்ளே வெளிறின நிறம் தெரிந்தது. விரலை மடக்கித் தட்டினான். நாற்பத்திரண்டு கிலோ, வெள்ளீயம் தாராளமாகச் சேர்த்த நல்ல வெண்கலம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வெளிப்பக்கத்தில் புடைத்த எழுத்தில் வார்த்திருந்தது: செல்வி மதுரா ஞாபகார்த்தம்.

"வெண்..." என்று வாய் எடுக்கிற நேரம் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் மெல்லமாய்த் தட்டு, மோனை."

வேப்பமரத்தடியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். மடியில் ஒரு துணிப்பை. வாகீசன் வருவதற்கு முன்பே வந்து இருந்திருக்கவேண்டும்.

"உவ குணலட்சுமி அக்கா," என்றார் சண்முகநாதன் குரலைத் தாழ்த்தி. "மணி உவவின்ரை உபயம். மகளின்ரை பேரிலை குடுத்தது." அதற்குள் மேசன்மார் யாரோ கூப்பிட, அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

குணலட்சுமியம்மா எழுந்து வந்து மணிக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருந்தார். அவனிடம் கதைக்கத்தான் வந்திருந்தார் என்பது தெரிந்தது.

"நீ இதை மணியெண்டு பாக்கிறாய். எனக்கு இது குடம், மோனை. கிடாரம், தாம்பாளம், அவள் தேத்தண்ணி குடிக்கிற மூக்குப்பேணி..."

மதுரா ஒரே பிள்ளை. புகையிலை விற்று வருகிற காசில் ஒவ்வொரு வருடமும் அவள் கலியாணத்துக்கென்று ஏதாவது ஒரு பித்தளைச் சாமான் வாங்கி வைத்தார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி ஓடினபோது தகப்பன் பின்வளவில் கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் பாயும் போர்வையுமாக இருந்த இடத்தில் பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது. அங்கேயே, முன்பின் தெரியாத ஒரு சுடலையில் எரித்தார்கள். ஊர் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. பின்வளவுக் கிடங்கை மட்டும் யாரும் தொட்டிருக்கவில்லை.

"பிள்ளையை விட்டிட்டு வந்திட்டம். சாமான் பத்திரமாய்க் கிடந்துது," என்றார் குணலட்சுமியம்மா.

அந்தச் சாமான்களை விற்கவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் அப்போதிருந்த தர்மகர்த்தாதான் யோசனை சொன்னார். மணியாக வார்த்துக் கோயிலுக்குக் கொடுங்கோ, காலையும் மாலையும் பிள்ளையின் சத்தம் ஊருக்குக் கேட்கும் என்றார். அவரே சாமான்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் பாத்திரமும் மணியும் வார்க்கிற ஒரு கன்னாரிடம் போனார். இரண்டு மாதத்தில் மணி வந்தது. அந்தத் தர்மகர்த்தாவும் இப்போது இல்லை, மதுராவின் தகப்பனும் இல்லை.

"காலமைப் பூசைக்கு மணி கேக்கேக்கை நான் அடுப்படியிலை நிப்பன். 'எழும்பிட்டியோ?' எண்டு கேப்பன். பின்னேரப் பூசைக்குக் கேட்டால், அண்டைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவன். சனம் எனக்கு விசர் எண்டு நினைக்கும். நினைக்கட்டும்."

அவர் சாமான்களைப் பேர் பேராகச் சொல்லிக்கொண்டு போனார். வாகீசனின் பாழாய்ப்போன தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. கண்ணால் காணாத சாமான்களுக்கு அது நிறை போட்டுக்கொண்டே வந்தது. குடம் நாலு கிலோ, கிடாரம் பெரிதென்றால் பதினைந்து, குத்துவிளக்குச் சோடி பத்து... எல்லாம் கூட்டினால் அறுபதுக்குக் கிட்ட வந்தது. அறுபது கிலோ பித்தளைக்கு நாற்பத்திரண்டு கிலோ வெண்கலம். வெண்கலத்துக்கு விலை கூட என்பதால் கணக்கு நேராக வந்து நின்றது. கன்னார் நேர்மையான மனிதர்.

அந்த நேர்மைதான் வாகீசனுக்குச் சிக்கலாக வந்தது. பித்தளையில் யாரும் நல்ல மணி வார்ப்பதில்லை. பித்தளைக்குக் குரல் கிடையாது. பழைய சாமானை வாங்கி வைத்துக்கொண்டு அதன் பெறுமதிக்குத் தன்னிடமிருக்கிற வெண்கலத்தில் மணி வார்த்துக் கொடுப்பதுதான் தொழில் வழக்கம். ஊரில் எத்தனையோ கோயில் மணிகள் அப்படி வந்தவைதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சொல்லவேண்டும் என்று கன்னாருக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று தர்மகர்த்தாவுக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மதுராவின் குடங்களும் கிடாரமும் புளி போட்டு மினுக்கிக் கடையில் அடுக்கப்பட்டு, வேறு யாருடையவோ கலியாண வீடுகளுக்குப் போயிருக்கும். இந்த மணிக்குள் அவளுடைய மூக்குப்பேணியின் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"கோயில் மணியை வீட்டிலை வைக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். நான் மணியைக் கேக்கேல்லை," என்றார் குணலட்சுமியம்மா. "நீ உடைக்கத்தானே போறாய்? உடைச்சால் பேந்து அது மணியில்லை. திரும்பக் குடம்தான். பேர் இருக்கிற துண்டை எனக்குத் தா, மோனை. பெரிசாய் வேண்டாம். கையிலை பிடிக்கக்கூடிய அளவு காணும்."

துணிப்பையைத் திறந்து காட்டினார். துண்டைச் சுற்றுவதற்கு ஒரு பழைய பட்டுத்துணி கொண்டு வந்திருந்தார்.

"எல்லாம் உதுக்குள்ளைதானே இருக்கு? நீ தட்டிப் பாத்துச் சொன்னால் பிழைக்காது எண்டு சனம் கதைக்கிறது."

வாகீசன் மணியைப் பார்த்தான். உள்விளிம்பில் தேய்த்த இடத்தைப் புறங்கையால் மறைத்துக்கொண்டான்.

"ஓம் அம்மா. பித்தளைதான். சுத்தப் பித்தளை."

அவன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நிறையில் பொய் சொன்னதுண்டு, விலையில் தாராளமாகச் சொன்னதுண்டு; உலோகத்தில் சொன்னதில்லை. சண்முகநாதன் திரும்பி வந்து கேட்டபோது அவருக்கும் அதையே சொன்னான். "நாப்பத்திரண்டு கிலோ. பித்தளை." ஆனால் விலை சொன்னது வெண்கலத்துக்கு. கோயிலின் காசில் கை வைக்க அவனுக்குத் துணிவில்லை, அந்த அம்மாவின் நம்பிக்கையில் கை வைக்கவும் துணிவில்லை. பித்தளைக்கு இவ்வளவு போகுமோ என்று சண்முகநாதன் வாயைப் பிளந்தார். மறுபடி கேட்டால் குறைத்துவிடுவானோ என்று பயந்து உடனே சம்மதித்தார்.

இனி ஒரு வழிதான் இருந்தது. மணியை அப்படியே யாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உடைந்த பித்தளை எவ்வளவோ கிடக்கிறது. நல்ல மஞ்சளான ஒரு துண்டைப் பார்த்து எடுத்து, பேர் இருந்த பக்கம் நொறுங்கிப் போய்விட்டது அம்மா, இதுதான் மிஞ்சினது என்று கொண்டு வந்து கொடுத்தால் முடிந்தது. வாகீசனுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தரமாவது ஒரு நல்ல பொய் சொல்லலாம் என்று நினைத்தான்.

"ஐயா, மணியை முழுசாய் ஏத்திறன். யாட்டிலை வைச்சு உடைக்கிறன்."

"அது சரிவராது," என்றார் சண்முகநாதன். "முழுமணி வெளியாலை போனால் வழியிலை பொலிஸ் மறிக்கும். கோயில் களவு எண்டு நிக்கும். எந்தக் கோயில் மணியையும் உள்ளுக்கை வைச்சு உடைச்சுத்தான் ஏத்திறது எண்டு நீர்தானே ரெலிபோனிலை சொன்னனீர்?"

சொன்னது உண்மை. மணி என்றால் அவன் எங்கேயும் அப்படித்தான் செய்வான். அவனிடம் மொத்தமாக வாங்குகிற கொழும்புக்காரனும் முழு மணியை வாங்கமாட்டான். தன் வாயால் போட்ட கட்டு தன் காலிலேயே விழுந்ததை நினைத்து வாகீசனுக்கு ஆத்திரம் வந்தது. லான்ட்மாஸ்டர் பெட்டிக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தான். வந்தவன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான்.

"அம்மா, வெயில் ஏறுது. நீங்கள் வீட்டை போங்கோ. துண்டை நானே கொண்டுவந்து தாறன்."

"நான் இருக்கிறன்."

"உடைக்கேக்கை சிதறும் அம்மா. கண்ணிலை படும்."

குணலட்சுமியம்மா துணிப்பையை மடியில் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

"அவளை எரிக்கேக்கை நான் பாக்கேல்லை. பொம்பிளையள் சுடலைக்கு வரக்கூடாது எண்டு படலையோடை மறிச்சுப் போட்டினம். சாமானை உருக்கேக்கையும் நான் பாக்கேல்லை. இதையாவது பாக்கிறன், மோனை. விடு."

வாகீசன் மணியைச் சரித்துப் படுக்க வைத்தான். சிதறாமல் இருக்க என்று சொல்லிச் சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு மூடினான். சாக்குக்குள் உடைந்தால், அவர் பார்ப்பதற்கு முன் பேர் உள்ள துண்டின் ஓரத்தில் மண்ணைத் தேய்த்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. சம்மட்டியை ஓங்கி விளிம்பைப் பார்த்து அடித்தான்.

ஒரே அடிதான். வெடிப்பிருந்த மணி மண்பானை போலப் பொலபொலவென்று போய்விட்டது. கல் அடுக்கிக்கொண்டிருந்த மேசன்மார் திரும்பிப் பார்த்தார்கள். வாகீசன் குனிவதற்குள் குணலட்சுமியம்மா கிட்ட வந்துவிட்டார். அவரே சாக்கை விலக்கினார். துண்டுகளைப் புரட்டி, பேர் இருக்கிற துண்டைத் தேடி எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் இருந்தது. எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு திருப்பி, உடைந்த ஓரத்தைப் பார்த்தார். அது சாம்பல் வெள்ளையாக, உடைத்த கருங்கல் மாதிரிப் பொரிப்பொரியாக இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தார். வெயில் படும்படி பிடித்துப் பார்த்தார்.

வாழ்நாள் முழுக்கப் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை மினுக்கின கை. அதற்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

"குடம் நெளியும், மோனை," என்றார். "கிணத்துக்கட்டிலை விழுந்தாலும் நெளியும். இப்பிடி உடையாது."

"பழசானால் அம்மா... உள்ளுக்கை நிறம் மாறும்..."

"உனக்குத் தெரியும்தானே?"

வாகீசன் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"ஓம்."

"எப்ப தெரியும்?"

"தட்டேக்கையே."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் வாகீசனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கன்னார் வழக்கத்தைப் பற்றி அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். களவில்லை அம்மா, பெறுமதிக்குப் பெறுமதி சரியாய்த்தான் தந்திருக்கிறார் என்று அவன் சொன்னபோது தலையை ஆட்டினார்.

"அப்ப அதுகள் எங்கை?"

"வித்திருப்பார். ஆரும் கலியாணத்துக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பினம்."

"ஆற்றையோ பிள்ளை கொண்டுபோயிருக்கும்," என்றார் குணலட்சுமியம்மா. "நல்லாய் வைச்சிருக்கட்டும்." சொல்லிவிட்டுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டிலில் இருக்கிற வைரவரைப் பார்த்தார். சண்முகநாதனும் கிட்ட வந்து நின்றார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரோடை கதைச்சனான்?"

அந்தக் கேள்வியை அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. வாகீசனுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரெல்லாம் பகிடி பண்ணுகிற மனிதன், மேசன்மாரும் செயலாளரும் பார்த்துக்கொண்டு நிற்க, மூக்கைச் சீறிக்கொண்டு நின்றான்.

"துண்டைக் கொண்டுபோங்கோ அம்மா," என்றான். "உலோகம் எதாயிருந்தால் என்ன? பேர் அவவின்ரைதானே."

"வேண்டாம். இது கோயில்ரை. உடைச்சாலும் மணிதான்." துண்டை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கக் கை நீட்டியபோது கொடுக்காமல் நிறுத்தினார். "ஆனால் பேரோடை கொண்டுபோகாதை. கொழும்பிலை ஆர் ஆரோ காலாலை புரட்டுவாங்கள். ஆற்றையோ சாமானிலை என்ரை பிள்ளையின்ரை பேர் போய் அந்தரிக்கக்கூடாது. உன்னட்டை அரம் இருக்கோ?"

இருந்தது. இல்லையென்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அன்றைக்குச் சொன்ன பொய்யே போதும் என்று பட்டது. பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து வந்து, ஒரு கல்லின் மேல் துண்டை வைத்தான். வைத்த இடத்தில் அது ஆடியது. குணலட்சுமியம்மா எதிரே இருந்து இரண்டு கையாலும் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெண்கலம் கெட்டியான சாதி, இலேசில் தேயாது. 'செல்வி' போக நேரமெடுத்தது. அடுத்த எழுத்தில் அரத்தை வைத்தபோது அவருடைய விரல்கள் ஒருமுறை இறுகின. வாகீசன் கையை எடுத்தான்.

"நிப்பாட்டவோ அம்மா?"

"இல்லை," என்றார். "முழுக்க எடு."